பொட்டு வைத்த கைத்துப்பாக்கி

பிள்ளையார்பாளையத்தில் மயில்வாகனம் மேஸ்திரியைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் வீட்டில் தறி இல்லை என்று அர்த்தம். சேலைக் கரையில் மயிலும் யாளியும் விழ வேண்டுமென்றால் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி ஒழுங்காக ஓட வேண்டும். அந்தப் பெட்டி மக்கர் பண்ணினால் ஊரே அவரைத்தான் தேடும். பூட்டு, பெட்ரோமாக்ஸ் விளக்கு, தையல் மெஷின், கோயில் கதவின் தாழ்ப்பாள் என்று எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்வார். முடியாது என்கிற சொல் அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. அதில் மனிதருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பதினாலு வயதில், ஓடிக்கொண்டிருந்த ஜக்கார்டு பெட்டி ஒன்றை ஊசி ஊசியாகக் கழற்றிப் போட்டு அப்பாவிடம் செருப்படி வாங்கினாராம். சாயங்காலத்துக்குள் அவரே திரும்ப மாட்டி ஓடவும் வைத்தாராம். அடித்த அப்பாவே மறுநாள் பக்கத்து வீட்டுப் பெட்டியைப் பார்க்க அவரை அனுப்பினார். அதற்குப் பிறகு அவர் தறிக்குழியில் இறங்கி நெய்ததே இல்லை. கல்யாணம் ஆயிற்று, பிள்ளை குட்டி இல்லை, பட்டறையே வீடாகிவிட்டது.

அவரிடம் இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. ஒன்று, எந்த வேலையானாலும் சாமானுக்கு உரியவர் கண்ணெதிரே ஓட்டிக் காட்டாமல் கூலி தொடமாட்டார். இரண்டாவது, ஆயுத பூஜை அன்று பட்டறையில் ஓடுகிற கருவிக்கு மட்டும்தான் சந்தனப் பொட்டு. கெட்டுக் கிடக்கிற ஒன்றுக்குப் பொட்டு வைத்தால் அம்மனிடம் பொய் சொன்னதாகும் என்பார். அதனாலேயே பூஜைக்குப் பத்து நாள் முன்பிருந்து சோறு தண்ணி இல்லாமல் எல்லாவற்றையும் பழுது பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் மனைவி தையல்நாயகி கிண்டல்காரி. "எனுக்கு முழங்கால் ஓடல. எனுக்குப் பொட்டு உண்டா இல்லியா?" என்று வருஷா வருஷம் கேட்பாள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் தன் வாழ்க்கையின் கடைசி எட்டு வருஷம் ஆயுத பூஜை கொண்டாடவில்லை. அன்று பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். மேஸ்திரி கறுப்புச் சட்டைக் கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். காரணம் தையல்நாயகி ஒருத்திக்குத்தான் தெரியும். அவர் போன பிறகுதான் அவளும் வாயைத் திறந்தாள்.

அறுபத்தெட்டாம் வருஷம், புரட்டாசி மாதம். தென்னேரியிலிருந்து அப்பாதுரை வந்தார். நாற்பது வயது, ஏரிப் பாசனத்தில் ஏழெட்டு ஏக்கர் நிலம், வாட்டசாட்டமான ஆள். அவர் வீட்டுத் தையல் மெஷினை மேஸ்திரிதான் முன்பு சரிசெய்து கொடுத்திருந்தார். அந்தப் பழக்கத்தில் நேரே பட்டறைக்குள் வந்து, தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, மடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு துரு உருண்டை இருந்தது.

உற்றுப் பார்த்தால்தான் அது கைத்துப்பாக்கி என்று தெரிந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குழல், வெற்றிலைப் பெட்டிக்குள் அடங்குகிற அளவு. அப்பாதுரையின் அப்பா எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வேலை பார்த்தபோது கிடைத்ததாம். லைசென்சு கிடையாது. நெல் குதிருக்கு அடியில் முப்பது வருஷம் கிடந்திருக்கிறது. விசை அசையவில்லை, உள்ளே ஸ்பிரிங் ஒடிந்திருந்தது, பிடியில் ஒரு பக்கத்து மரத்தைக் கரையான் தின்றிருந்தது.

"இது ஓடுமா, மேஸ்திரி?"

"ஓட்டிடலாம். எதுக்கு?"

அப்பாதுரை கொஞ்சம் யோசித்தார். "கையில ஒரு துணை வேணும்," என்றார்.

நரியா நாயா, திருடனா என்று இன்னொருவராக இருந்தால் கேட்டிருப்பார். மேஸ்திரிக்கு அந்தப் புத்தி இல்லை. சாமான் எதற்கு என்பது அவருக்கு ஒருநாளும் கேள்வியாக இருந்ததில்லை. அது ஓடுமா ஓடாதா என்பதுதான் கேள்வி. போலீசுக்குத் தெரிந்தால் இருவருக்கும் கை விலங்குதான் என்று தெரிந்தும், அந்தத் துரு உருண்டையைப் பார்த்தவுடன் மனிதருக்குக் கை ஊற ஆரம்பித்துவிட்டது. வாங்கி வைத்துக்கொண்டார்.

நாலு நாள் மண்ணெண்ணெயில் ஊறியது. பிறகு அதைக் கழற்றி, சாமான் சாமானாகத் துடைத்துப் பழைய வேட்டியின்மேல் வரிசையாகப் பரப்பினார். யார் செய்ததோ, அதன் ஒவ்வொரு துண்டும் அத்தனை நேர்த்தியாக இருந்தது என்று தையல்நாயகியைக் கூப்பிட்டுக் காட்டினாராம். ஒடிந்த ஸ்பிரிங்குக்குப் பதில் தறிச் சாமான் எஃகில் புதிதாக ஒன்று செய்து போட்டார். அது பழையதைவிட விறைப்பாக அமைந்துவிட்டது. குழலுக்குப் பின்னால் கட்டை விரலால் இழுத்து நிறுத்துகிற சின்னக் குதிரை ஒன்று உண்டு. அதன் முதுகில் வழுக்காமலிருக்கப் போட்ட கோடுகள் துருவில் மழுங்கிப் போயிருந்தன. அரத்தை எடுத்து அவற்றையும் கூராகத் திரும்பக் கீறினார். ஒவ்வொரு தடவையும் குதிரையை இழுக்கத் தம் பிடிக்க வேண்டியிருந்தது. பத்துத் தடவை இழுத்துப் பார்த்ததில் அவருடைய வலது கட்டை விரலில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. பட்டு நூல் கழிவை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

பூஜைக்கு மூன்று நாள் முன்பு, பட்டப்பகலில், இருவரும் வேகவதி ஆற்று மணலுக்குப் போனார்கள். ஊர்ப்பக்கம் ஏதோ கோயிலில் அதிர்வேட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாதுரை புகையிலை டப்பாவில் ஆறு தோட்டா வைத்திருந்தார். மெட்ராசில் யார் மூலமோ வாங்கியது. மேஸ்திரி ஒன்றைப் போட்டு, மணல் மூட்டைக்கு எதிரே நின்று, கண்ணை மூடிக்கொண்டு விசையை அழுத்தினார். மூட்டை ஓட்டையாகி மணல் கொட்டியது. அவர் காது அரை மணி நேரம் அடைத்துக் கிடந்தது. ஆனாலும் வாயெல்லாம் பல்.

"பாத்தீங்களா? ஓடுதுல்ல?"

"உங்க கை பட்டா செத்தது கூட எழுந்து உக்காரும், மேஸ்திரி," என்றார் அப்பாதுரை. அவர் சிரிக்கவில்லை. நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்தது.

"ஒண்ணு மட்டும் நெனப்புல வையுங்க. ஸ்பிரிங்கு புதுசு, கோடும் கூரு. அவசரத்துல இழுத்தீங்கன்னா கட்ட விரல் தோலைத் தின்னுடும். நிதானமா இழுங்க."

பிடிக்கு ஒரு பக்கம் மரம் இன்னும் பாக்கி இருந்தது. ஊடை நூலைச் சுமந்து தறியில் இங்கும் அங்கும் ஓடுகிற நாடா ஒன்று பழசாகிக் கிடந்தது. அந்தக் கட்டையில் செதுக்கித் தருவதாகச் சொன்னார். "அப்படியே பூஜையில வச்சி எடுத்துக் குடுங்க," என்று சொல்லிவிட்டு அப்பாதுரை பஸ் ஏறினார்.

இதுவரை எல்லாம் சரிதான். மறுநாள் ஐயம்பேட்டையில் சபாபதி வீட்டுத் தறி நின்றுவிட்டது என்று ஆள் வந்தது. மேஸ்திரி அங்கே போயிருக்கவே வேண்டாம்.

தறிக்குப் பக்கத்தில் அரக்கு நிறத்தில் ஒரு சேலை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பாதிதான் நெய்திருந்தது. முந்தானை விழவில்லை. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலோடு சேர்த்துக் கத்தியால் கோணல்மாணலாக அறுத்திருந்தது. கல்யாணச் சேலையை முடிக்காமல் தறியிலிருந்து அறுக்க மாட்டார்கள். கல்யாணம் நின்று போனால்கூட முழுசாக நெய்து வேறு ஆளுக்கு விற்பார்களே தவிர அரையில் கத்தி வைக்க மாட்டார்கள். கல்யாண வீட்டில் சாவு விழுந்தால் மட்டும்தான் அரைச்சேலை. நெய்கிற வீடுகளில் தொட்டில் குழந்தைக்குத் தெரியும் இது.

"யாருதுபா இது?"

"தென்னேரி அப்பாதுரை குடுத்த சேலை, மேஸ்திரி," என்றான் சபாபதி. "தங்கச்சி பொண்ணுக்கு மாமன் சீரு. ஐப்பசி கடைசியில கல்யாணம். முந்தாநேத்து வந்தாரு. இதுக்கு இனிமே வேலை இல்ல, அறுத்துடுன்னாரு. முழுசா நெய்ஞ்சி வேற ஆளுக்குக் குடுத்துடறேன்னு கெஞ்சினேன். கேக்கல. அவரே கத்தியை எடுத்துட்டாரு."

"தங்கச்சி வூட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லியா?"

"ஒடம்புக்கு இன்னா? தங்கச்சி புருசன் தணிகாசலத்துக்கும் இவருக்கும் மதகடி நெலத்துல தகராறு. வெட்டுக் குத்து வரைக்கும் போயிருக்குதாம்."

சபாபதியின் மனைவி காமாட்சியம்மாள் அந்த அரைச்சேலையைத் தொடக்கூட இல்லை. காலால் ஒதுக்கிவிட்டு நடந்தாள்.

மேஸ்திரி ஜக்கார்டு பெட்டியில் கை வைத்தார். கை ஓடவில்லை. முந்தாநாள் என்றால் ஆற்று மணலுக்கு வருவதற்கு முந்தின நாள். சேலையை அறுத்துவிட்டு, மறுநாள் வந்து துப்பாக்கி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். அவர் தங்கச்சி வீட்டில் சாவு விழப்போகிறது என்று அவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. தெரியாமலா கல்யாணச் சேலையில் கத்தி வைப்பார்? தணிகாசலம் செத்தால் தாலி அறுப்பது யார்? அப்பாதுரையின் கூடப்பிறந்தவள். கல்யாணப் பெண் சம்பூர்ணத்துக்கு அப்பன் இருக்கமாட்டான். அதைச் செய்த துப்பாக்கியை எழுப்பி உட்கார வைத்தது யார் என்று கேட்டால், தன்னைத்தான் கை காட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. தையல்நாயகி குடைந்து குடைந்து கேட்டு விஷயத்தை வாங்கினாள்.

"குடுக்காதீங்க. ஓடலன்னு சொல்லிடுங்க."

"ஓட்டிக் காட்டிட்டேனே."

"அப்போ கெணத்துல போட்டுட்டுத் தொலைஞ்சி போச்சின்னு சொல்லுங்க."

"இது இல்லன்னா வீச்சருவா எடுப்பான். இல்ல, மெட்ராஸ்ல வேற ஒண்ணு வாங்குவான். கையில இருக்குதுன்னு அவன் நெனச்சிக்கினு இருக்கணும். ஆனா அது சுடக்கூடாது."

"எதுக்கும் அவரையே ஒரு வார்த்த கேட்டுடுங்களேன்," என்றாள் தையல்நாயகி.

"கொலை பண்ணப் போறவன் ஆமான்னு சொல்லுவானா?" என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிட்டார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருந்தால் போதும். கெட்டிக்காரர்களுக்கு இந்த ஒரு வியாதி உண்டு. தங்களுக்கு ஒன்று புரிந்துவிட்டது என்றால் பிறகு வேறு யாரையும் கேட்கமாட்டார்கள்.

அன்றே சின்ன அரத்தை எடுத்தார். தோட்டாவின் முதுகில் போய் இடிக்கிற முனையை அரிசிப் பருமன் ராவினார். அவ்வளவுதான். குதிரையை இழுத்தால் வரும், விசையை அழுத்தினால் டக்கென்று விழும், பார்க்கிறவனுக்கு எந்தக் குறையும் தெரியாது. தோட்டா மட்டும் வெடிக்காது. அவர் வாழ்நாளில் ஒரு சாமானைக் கெடுப்பதற்காக அரத்தைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அதையும் நேர்த்தியாகச் செய்தார் என்பதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ஆயுத பூஜை வந்தது. வாழைக்கன்று கட்டி, பொரி கடலை வைத்து, அரம், சுத்தி, திருப்புளி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். நாடாக் கட்டையில் புதுப் பிடி போட்ட துப்பாக்கி ஓரத்தில் துணிமேல் கிடந்தது. அதை மட்டும் தாண்டிப் போனார். தையல்நாயகி அதைப் பார்த்தாள்.

மறுநாள் விஜயதசமி காலையிலேயே அப்பாதுரை வந்துவிட்டார். பூஜையிலிருந்து இன்னும் எதையும் எடுக்கவில்லை. அவர் கண் துணிமேல் போனது.

"இன்னா மேஸ்திரி, இதுக்கு மட்டும் பொட்டு இல்ல? ஓடுற கருவிக்கெல்லாம் வைப்பீங்கன்னு ஊரே சொல்லுதே?"

மேஸ்திரி அவர் முகத்தைப் பார்த்தார். கண் உள்ளே போயிருந்தது, பல நாள் தூங்காத முகம். கொலை பண்ணத் துணிந்தவன் முகம் இப்படித்தான் இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். பயந்தவன் முகமும் இப்படித்தான் இருக்கும் என்பது அப்போது தோன்றவில்லை.

"நீங்க வந்தப்புறம் வைக்கலாம்னு இருந்தேன்," என்று சொல்லி, சந்தனத்தைக் குழைத்து, பிடிமேல் ஒரு பொட்டு வைத்தார். அதற்குமேல் குங்குமமும் வைத்தார். உள்ளுக்குள் ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷம்கூட இருந்தது.

அப்பாதுரை துப்பாக்கியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் சொருகினார். "ஐப்பசி தாண்டிட்டா போதும், மேஸ்திரி," என்றார். போகும்போது திரும்பி ஒரு கும்பிடு போட்டார்.

ஐப்பசி பாதியில் மழை கொட்டி ஏரி நிறைந்தது. ஒரு விடியற்காலையில் மதகு திறக்கப் போன அப்பாதுரையை ஏரிக்கரையில் வெட்டிப் போட்டுவிட்டார்கள். தணிகாசலமும் அவன் தம்பிகள் இருவரும் அரிவாளோடு வாலாஜாபாத் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நின்றார்கள். பிள்ளையார்பாளையத்துக்குச் சேதி வர மத்தியானம் ஆயிற்று. மேஸ்திரி சோற்றில் கை வைத்திருந்தார். அப்படியே எழுந்து கை கழுவிவிட்டார்.

அரைச்சேலை சொன்னது பொய்யில்லை. கல்யாண வீட்டில் சாவு விழுந்தது. யாருடைய சாவு என்பதை மட்டும் மேஸ்திரி தப்பாகப் படித்துவிட்டார்.

துப்பாக்கி விஷயமாகப் போலீஸ் வரும் என்று பயந்து இருவரும் பதினாறு நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வரவில்லை. காரியம் முடிந்த மறுவாரம் அப்பாதுரையின் மனைவி பூவம்மாள் வந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை, கையில் வளையல் இல்லை. பட்டறைக்குள் வந்து தரையில் உட்கார்ந்தாள். தையல்நாயகி தண்ணீர் கொடுத்தாள்.

"போலீஸ்ல உங்க பேரைச் சொல்லலண்ணா. மாமனார் காலத்துச் சாமான், அதுக்கு மேல எனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

மேஸ்திரி எழுந்து தெருக்கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு மாசமா அவருக்கு உசிரு கையில இல்லண்ணா. மதகடி நெலத்துல கையெழுத்துப் போடலன்னா வெட்டுவேன்னு அந்தப் பாவி ஆள் மேல ஆள் அனுப்பினான். மாமன் சீரு எடுத்துக்கினு வாசப்படி ஏறினா காலை எடுத்துடுவேன்னான். அன்னிக்குத்தான் ஐயம்பேட்டை போயி சேலையை அறுத்துட்டு வந்தாரு."

"ஏம்மா அறுத்தாரு?" என்றார் மேஸ்திரி.

"என் தங்கச்சி பொண்ணுக்குன்னு நெய்யச் சொன்னது, அவ கட்டலன்னா வேற எவளும் கட்டக் கூடாதுன்னாரு. வூட்டுக்கு வந்து கொழந்த மாதிரி அழுதாரு. சம்பூர்ணத்தைத் தோள்ல தூக்கி வளத்தவராச்சே." பூவம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தறியில அரையில அறுக்கக் கூடாதாமே? எங்களுக்கு அதெல்லாம் தெரியாதுண்ணா."

தெருவில் எங்கோ தறி அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"துப்பாக்கி அவரு கையிலதான் இருந்துதாம். தோட்டா ரெண்டும் அப்படியே உள்ள கெடக்குதாம். ஏன் சுடலன்னு இன்ஸ்பெக்டர் என்னைக் கேக்கறாரு. எனுக்குத் தெரியும்ணா. மனசு வந்திருக்காது. தங்கச்சி தாலின்னு நெனச்சிருப்பாரு. எதிர்ல அருவாளோட நிக்கறான், அப்பவும் சுடல பாருங்க. அப்பேர்ப்பட்ட மனுசனோட வாழ்ந்தேன்னு அத ஒண்ணைத்தான் புடிச்சிக்கினு இருக்கறேன்."

தையல்நாயகி புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு மட்டும் புரியலண்ணா," என்றாள் பூவம்மாள். "குளிப்பாட்டறப்போ பாத்தேன். வெட்டெல்லாம் தோள்லயும் கழுத்துலயும்தான். ஆனா வலது கட்ட விரல்ல தோலே இல்ல. உரிஞ்சி, நகக்கண்ணு வரைக்கும் ரத்தமா இருந்துது. அது வெட்டு இல்ல. எப்படி ஆச்சின்னே தெரியல."

மேஸ்திரி தன் வலது கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். ஒரு தடவை இழுத்தால் கீறும். தோலே போகிற அளவுக்கு என்றால் எத்தனை தடவை இழுத்திருப்பான் என்று அவருக்கு ஒருவருக்குத்தான் தெரியும். மூன்று பேர் அரிவாளோடு வர, மழையில் நின்றுகொண்டு, இழுத்து அழுத்தி, இழுத்து அழுத்தி, மேஸ்திரி கை பட்டது தப்பாது என்று நம்பி நம்பி இழுத்திருக்கிறான்.

பூவம்மாள் எழுந்தாள். வாசல்வரை போய்விட்டுத் திரும்பினாள்.

"அண்ணா, அது நல்லா ஓடிச்சிதானே? உங்க கண்ணால பாத்தீங்கல்ல? எம் மனசு ஆறணும். ஒரு வார்த்த சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். உண்மை நாக்கு நுனிவரை வந்தது என்றுதான் தையல்நாயகி சொல்கிறாள். அது வந்தால் அந்தப் பெண்ணுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. வராவிட்டால் இவருக்கு இருக்காது.

"நல்லா ஓடிச்சிம்மா," என்றார் மயில்வாகனம் மேஸ்திரி.

பூவம்மாள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.